கறியை ஓவனில் சுட நேரக் கணக்கா, தெர்மாமீட்டரா? எதற்கு எது சரிப்படும்

பெரிய கறித்துண்டு ஒன்றை ஓவனில் வைக்கும்போது நம் முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை மணிக்கு உள்ளே வைத்தால் சாப்பாட்டு வேளைக்குத் தயாராகும்? எப்போது வெளியே எடுத்தால் பதமாக இருக்கும்? பெரும்பாலான குளறுபடிகள் இந்த இரண்டையும் ஒரே கேள்வி என்று நினைப்பதால் வருகின்றன. "கிலோவுக்கு இத்தனை நிமிடம்" என்ற கணக்கு முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனால் பதில் சொல்ல முடியாது. நாம் அதை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம். கறி சக்கையாகிப் போனதும் ஓவனைக் குறை சொல்கிறோம்.

நான் பல வருடங்கள் எடைக் கணக்கை மட்டும் வைத்துத்தான் சுட்டேன். அப்புறம் மற்ற வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்த வழி எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று எனக்குத் தெரிந்தவரை இங்கே வைக்கிறேன்.

எடைக் கணக்கு

அதிகம் புழங்கும் சூத்திரம் இது: ஒவ்வொரு 500 கிராமுக்கும் 20 நிமிடம், அதற்கு மேல் ஒரு 20 நிமிடம். ஓவன் 180 முதல் 190 டிகிரி செல்சியஸ். ஒன்றரைக் கிலோ முழுக்கோழிக்கு 80 நிமிடம் வரும். கணக்குப் போடத் தெரிந்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். சாதாரண அளவுள்ள கோழிக்கு இது நன்றாகவே ஒத்துவரும்.

ஆனால் வெப்பத்துக்கு எடை என்றால் என்ன என்றே தெரியாது. அதற்குத் தெரிவது தூரம். வெளித்தோலிலிருந்து நடுப்பகுதிக்கு எத்தனை சென்டிமீட்டர் போக வேண்டும் என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதிலும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. அதே வடிவத்தில் துண்டு பெரிதாகிக்கொண்டே போனால், எடை இரண்டு மடங்காகும்போது நேரம் ஏறத்தாழ 1.6 மடங்குதான் ஆகும்.

இதை வைத்து அந்தப் பழைய சூத்திரத்தைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோவுக்கு 80 நிமிடம் என்பதை அடிப்படையாக எடுத்துக்கொள்வோம். முக்கால் கிலோவுக்குச் சூத்திரம் 50 நிமிடம் சொல்கிறது. வெப்பம் பரவும் விதத்தை வைத்துக் கணக்கிட்டாலும் 50 நிமிடம்தான் வருகிறது. மூன்று கிலோவுக்குச் சூத்திரம் 140 நிமிடம் சொல்கிறது, வெப்பக் கணக்கு 127 நிமிடம். பரவாயில்லை. ஆறு கிலோவுக்குப் போனால் சூத்திரம் 260 நிமிடம் என்கிறது, வெப்பக் கணக்கோ 202 நிமிடம்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகக் கறி உள்ளே கிடக்கிறது.

இந்தச் சூத்திரத்தை உண்டாக்கியவர்கள் யார் என்று தெரியாவிட்டாலும், கடைசியில் சேர்க்கும் அந்த 20 நிமிடத்துக்காக அவர்களை மெச்ச வேண்டும். அது ஏதோ ருசிக்குச் சேர்த்த நிமிடம் இல்லை. எடை கூடும் விகிதத்தில் நேரம் கூடாது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள் செய்த திருத்தம் அது. அரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை அந்தத் திருத்தம் தாங்குகிறது. அதற்கு மேல் தாங்கவில்லை.

இதே கோளாறை எரிச்சலோடு கவனித்தவர் ஒருவர் உண்டு. ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டுத் துகள் முடுக்கி மையத்தின் முதல் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் வுல்ஃப்காங் பனோஃப்ஸ்கி. பவுண்டுக்கு 30 நிமிடம் என்ற வான்கோழிக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. எடையைப் பவுண்டில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு (அதாவது எடையை அதே எடையால் பெருக்கி, வரும் எண்ணின் கனமூலத்தை எடுத்து), 1.5-ஆல் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று கிடைக்கும் என்றார். உள்ளே மசாலா அடைத்த வான்கோழிக்கு, 163 டிகிரி ஓவனில். பத்துப் பவுண்டுக்கு இது சுமார் மூன்று மணி நேரம் தருகிறது. பழைய கணக்கு ஐந்து மணி நேரம் தரும். இருபது பவுண்டுக்கு இது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறது. பழைய கணக்கு பத்து மணி நேரம்! கிலோவில் கணக்கிடுபவர்கள் மூன்றில் இரண்டு அடுக்கை 1.13-ஆல் பெருக்கினால் போதும், மணி நேரம் வந்துவிடும். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரிலேயே இதைப் போடலாம்.

பெரிய முழுப்பறவைக்கு என் ஓட்டு பனோஃப்ஸ்கியின் கணக்குக்குத்தான். பறவைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் இது செல்லுபடியாகிறது. துண்டுக்கறிக்கு அப்படி இல்லை.

தடிமனைப் பார்க்கும் வழி

எலும்பு எடுத்துச் சுருட்டி நூல் கட்டிய இரண்டு கிலோ கறியை ஒருமுறை சுட்டேன். நீளமான துண்டு, குறுக்களவு எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். எடைக் கணக்கு 100 நிமிடம் என்றது. எதற்கும் பார்ப்போமே என்று 70-ஆவது நிமிடத்தில் தெர்மாமீட்டர் கம்பியைச் செருகினேன். 72 டிகிரி காட்டியது. நான் விரும்பியதைவிடப் பத்து டிகிரி தாண்டிவிட்டது. வெட்டியபோது ட்ரேயில் சாறு குளமாக நின்றது, கறியில் ஈரம் இல்லை. எடை சரி, கூட்டல் சரி. நீளத்தைத்தான் நான் கணக்கில் கொள்ளவில்லை.

நீண்ட உருளை வடிவத் துண்டை நினைத்துப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் தடிமனில் மூன்று கிலோ. அதைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒன்றரைக் கிலோத் துண்டை மட்டும் சுட்டால் நேரம் பாதியாகுமா? ஆகாது. பக்கவாட்டிலிருந்து நடுவுக்கு அதே ஐந்து சென்டிமீட்டர்தானே. முனைகள் வழியாகக் கொஞ்சம் கூடுதல் வெப்பம் போகும், அதனால் கொஞ்சம் நேரம் குறையும், அவ்வளவே. எடைக் கணக்கோ 140 நிமிடத்தை 80 ஆக்கிவிடும். நடு பச்சையாக இருக்கும்.

ஆகவே துண்டுக்கறி என்றால் தராசைவிட அளவுகோல் உதவும். மிகத் தடித்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். உங்கள் ஓவனில் ஒருமுறை சுட்ட துண்டின் தடிமனையும் நேரத்தையும் குறித்து வைத்தால், அடுத்த துண்டுக்கு அது எந்த அட்டவணையையும்விட நம்பகமான வழிகாட்டி. இந்த வழியின் பலவீனம், அந்த முதல் குறிப்பு உங்களிடம் இருக்க வேண்டும் என்பதுதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது உடனே கைகொடுக்காது.

தடிமனைத் தவிர வேறு சில விஷயங்களும் நேரத்தை இழுக்கும். உறைந்த கறியை அப்படியே வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வேகமாக வேகும் என்பார்கள். பெரிய துண்டின் நடுவில் அந்த ஒரு மணி நேரத்தில் சில டிகிரிதான் ஏறும். நான் அதைச் செய்வதே இல்லை. வெளியே வைப்பதற்குப் பதிலாக உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜிலேயே ஓர் இரவு வைத்தால் மேற்பரப்பு காய்ந்து, நிறம் நன்றாகப் பிடிக்கும்.

ஓவன் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்

மேலே சொன்ன எல்லாக் கணக்குகளுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. குமிழை 180-இல் வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்பது. வீட்டு ஓவன்களில் பத்து, இருபது டிகிரி வித்தியாசம் சகஜம். அது மட்டுமில்லை, ஓவன் ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. சூடு ஏறும், அணையும், இறங்கும், மறுபடி பற்றும். சராசரிதான் 180. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேறிவிடுகிறது. விசிறி ஓடும் ஓவன் அதே எண்ணில் வேகமாகச் சுடும். அதனால் சாதாரண ஓவனுக்குச் சொன்ன வெப்பத்திலிருந்து 20 டிகிரி குறைத்து வைப்பது வழக்கம்.

ஓவன் தட்டில் தொங்கவிடும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருமுறை அரை மணி நேரம் வைத்துப் பார்த்து, "நம்ம ஓவன் பதினைந்து குறைச்சல்" என்று தெரிந்துகொண்டால் போதும். வேறொருவர் எழுதிய செய்முறையின் நேரம் உங்கள் சமையலறையில் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு முக்கால்வாசி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

கறிக்குள்ளேயே கேட்டுவிடும் வழி

சரி, எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு நடுப்பகுதியின் வெப்பத்தை அளப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. காரணம் எளிது. கறியில் நடக்கும் மாற்றங்கள் எதுவும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. மயோசின் என்ற புரதம் 50 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்குகிறது. 60-ஐத் தாண்டும்போது தசைநாரைச் சுற்றியுள்ள, கொலாஜன் என்ற புரதத்தாலான உறை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோலச் சாற்றை வெளியே தள்ளுகிறது. 66-லிருந்து 73-க்குள் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகிவிடுகிறது. கறி வறண்டு நார்நாராவது அங்கேதான். மென்மையான துண்டுக்கு 57-க்கும் 70-க்கும் நடுவில் உள்ள பதின்மூன்று டிகிரிதான் வாழ்வும் சாவும். அந்தத் தூரத்தைக் கறி பதினைந்து, இருபது நிமிடத்தில் கடந்துவிடும்.

மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சித் துண்டுகளுக்கு 50 டிகிரியில் உள்ளே நல்ல சிவப்பாக இருக்கும். 55-இல் இளஞ்சிவப்பு, சாறு நிறைந்திருக்கும். 60 முதல் 63 வரை லேசான ரோஸ் நிறம். 70-ஐத் தாண்டினால் முழு வேக்காடு. பாதுகாப்பு என்று பார்த்தால் அமெரிக்க வேளாண் துறை சொல்லும் குறைந்தபட்ச அளவுகள் இவை: மாடு, ஆடு, பன்றி முழுத்துண்டு என்றால் 63 டிகிரியும் அதன் பின் மூன்று நிமிட ஓய்வும், கொத்துக்கறி என்றால் 71, கோழி முதலான பறவைகள் எதுவானாலும் 74. பன்றிக்கு முன்பு 71 என்று இருந்ததை 2011-இல்தான் 63-க்கு இறக்கினார்கள். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் இந்த எண்களுக்குக் கீழே போகாதீர்கள். சுருட்டிக் கட்டிய கறியும் அப்படித்தான். கிருமிகள் இருக்கக்கூடிய வெளிப்பரப்பு சுருட்டியதும் நடுவுக்குப் போய்விடுகிறது.

தெர்மாமீட்டரில் மூன்று வகை உண்டு. வட்ட முகமும் முள்ளும் உள்ள பழைய வகை மெதுவானது. அதன் தண்டில் பல சென்டிமீட்டர் நீளத்துக்கு வெப்பத்தை உணர்வதால் நடுவில் என்ன இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லாது, சராசரியைச் சொல்லும். தடித்த துண்டுக்குப் பரவாயில்லை. கோழி நெஞ்சுக்கு உதவாது. மெல்லிய நுனியுள்ள டிஜிட்டல் வகை சில நொடிகளில் காட்டிவிடும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். கம்பியைக் கறியிலேயே செருகிவிட்டு, வயர் வழியாக வெளியே எண்ணைப் பார்க்கும் வகை பெரிய துண்டுக்கு மிக வசதி, கதவையே திறக்க வேண்டாம். ஆனால் அது ஓர் இடத்தை மட்டுமே பார்க்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். கறிக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒரே தொடையில் மெல்லிய முனை 70-இல் இருக்கும், எலும்பை ஒட்டிய தடித்த இடம் 52-இல் இருக்கும். நடு எது என்று தெரியாவிட்டால், கம்பியை நடுவைத் தாண்டும்வரை ஆழமாகச் செருகி மெதுவாக வெளியே இழுங்கள். எண் இறங்கி, பின் ஏறும். இறங்கிய அந்த அடிமட்ட எண்தான் நடுப்பகுதியின் வெப்பம். எலும்பில் முட்டினால் வரும் எண்ணை நம்ப வேண்டாம். கோழிக்கு நெஞ்சின் தடித்த இடத்திலும், தொடை உடலோடு சேரும் உட்பக்கத்திலும் இரண்டு இடமாவது பாருங்கள்.

கருவியே தப்பாகக் காட்டினால்? நிறைய ஐஸ்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, நுனியை நடுவில் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி அப்படி இப்படி இருக்கலாம். கொதிநீரிலும் பார்க்கலாம், ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகும் கறி வெந்துகொண்டேதான் இருக்கும். வெளிப்புறத்தில் சேர்ந்த சூடு உள்ளே போகிறது. 160-லிருந்து 180 வரையான ஓவன் என்றால் பெரிய துண்டில் மூன்று முதல் ஐந்து டிகிரி ஏறும். 220-இல் சுட்டிருந்தால் இன்னும் கூட ஏறலாம். 120-இல் சுட்டிருந்தால் ஒன்றிரண்டு டிகிரிதான். 63 வேண்டும் என்றால் 58, 59-இலேயே எடுத்து, கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இரண்டையும் சேர்ப்பது

தெர்மாமீட்டர் "இப்போது என்ன" என்று சொல்லும். "இன்னும் எவ்வளவு நேரம்" என்று சொல்லாது என்பதுதான் அதன் மேல் உள்ள புகார். கொஞ்சம் கணக்குப் போட்டால் அதையும் சொல்ல வைக்கலாம்.

160 டிகிரி ஓவனில் எலும்போடு கூடிய 2.2 கிலோ ஆட்டுத்தொடை ஒன்றைச் சுட்டபோது குறித்த எண்கள் இவை. 45-ஆவது நிமிடத்தில் நடுப்பகுதி 17 டிகிரி. 60-இல் 29. 75-இல் 41. பதினைந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு டிகிரி, அதாவது நிமிடத்துக்கு 0.8. எனக்கு 58-இல் எடுக்க வேண்டும். இன்னும் 17 டிகிரி. 17-ஐ 0.8-ஆல் வகுத்தால் 21 நிமிடம். ஆக, 96-ஆவது நிமிடம். சரியாக 58-ஐத் தொட்டது 99-ஆவது நிமிடத்தில். கடைசியில் ஏற்றம் கொஞ்சம் மந்தமாகும் என்பதால் இந்த மூன்று நிமிடம். எடுத்து ஃபாயிலை லேசாகப் போர்த்தி வைத்தேன். இருபது நிமிடத்தில் 63-க்கு வந்து நின்றது.

முதல் அரை மணி நேரத்தில் நடுப்பகுதி அசையவே அசையாது, அதைப் பார்த்துப் பயந்து ஓவனைக் கூட்டிவிடாதீர்கள். ஏறத் தொடங்கிய பிறகு இரண்டு முறை அளந்தால் போதும், மிச்ச நேரம் கைக்கு வந்துவிடும். எடைக் கணக்கை வைத்து எப்போது தொடங்குவது என்று முடிவு செய்வது, நடுவில் இப்படி இரண்டு எண்ணை வைத்துத் திருத்துவது, கடைசியில் வெப்பத்தைப் பார்த்து எடுப்பது. நான் இப்போது செய்வது இதுதான்.

கண்ணும் கையும்

கோழியைக் குத்தினால் தெளிந்த சாறு வர வேண்டும் என்பது பழைய சோதனை. இதை நம்பி இறங்க வேண்டாம். சாறு இளஞ்சிவப்பாக இருந்தும் கோழி வெந்திருக்கலாம், தெளிவாக இருந்தும் வேகாமல் இருக்கலாம். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் சிவப்பு, நன்றாக வெந்த தொடையிலும் எலும்பை ஒட்டித் தெரியும். விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனை மெல்லிய துண்டுக்கு, அதுவும் நிறையப் பழக்கம் உள்ளவர்களுக்கு. பத்து சென்டிமீட்டர் தடிமனின் நடுவில் நடப்பதை விரல் எப்படி அறியும்?

ஆனால் ஒரே ஓர் இடத்தில் கை தெர்மாமீட்டரை ஜெயிக்கிறது. முன்னந்தொடை, கெண்டைக்கால் மாதிரி ஓயாமல் உழைத்த தசைகள். இவற்றில் கொலாஜன் நிறைய. அது இளகி ஜெலட்டினாக மாற உயர்ந்த வெப்பமும் வேண்டும், அந்த வெப்பத்தில் நீண்ட நேரமும் வேண்டும். 90-லிருந்து 95 வரை என்று எண் சொல்லலாம். ஆனால் 92-ஐத் தொட்ட உடனே ஒரு துண்டு பிரிந்துவரும், இன்னொன்று முரண்டு பிடிக்கும். இங்கே கம்பியைச் செருகி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

ஓவனை எந்தச் சூட்டில் வைப்பது

ஓவனைக் கூட்டினால் அதே விகிதத்தில் நேரம் குறையும் என்று நினைப்பது இயல்பு. அப்படி ஆகாது. கறியின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, வரும் வெப்பத்தில் பெரும்பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடுகிறது. உள்ளே வெப்பம் நகரும் வேகமோ கறியின் கையில் இருக்கிறது. ஓவனின் சூடு தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்களை: மேலே எவ்வளவு முறுகும், உள்ளே வேக்காடு எவ்வளவு சீராக இருக்கும். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

220 டிகிரியில் வைத்த தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் அழகான இளஞ்சிவப்பு வட்டம். அதைச் சுற்றி இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குச் சாம்பல் நிற வளையம், அதெல்லாம் கூடுதலாக வெந்த கறி. 120-இல் சுட்டதை வெட்டினால் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நிறம். ஆனால் மேல்பக்கம் வெளிறிக் கிடக்கும். பழுப்பு நிறமும் அந்த மணமும் வர மேற்பரப்பு 140 டிகிரியை எட்ட வேண்டும், ஈரம் இருக்கும்வரை அது நடக்காது.

இதற்கு மூன்று சமரசங்கள் உண்டு. 160 முதல் 180 வரை ஒரே சூட்டில் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது முதலாவது. எதிலும் உச்சம் இல்லை, எதிலும் மோசம் இல்லை. அமெரிக்க வேளாண் துறை 163-க்குக் கீழே ஓவனை வைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இரண்டாவது, முதல் இருபது நிமிடம் 220-இல் வைத்துவிட்டு 160-க்கு இறக்குவது. நிறம் உறுதி. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் ஓரங்களில் ஏறிய சூடு கடைசிவரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். சூடான ஓவன் உடனே இறங்குவதும் இல்லை, அதனால் நேரத்தைக் கணிப்பதும் கடினம். மூன்றாவது இதற்குத் தலைகீழ். 110 முதல் 130 வரை மெதுவாகச் சுட்டு, வேண்டிய வெப்பத்துக்கு ஐந்தாறு டிகிரி முன்னால் எடுத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, 250-இல் எட்டுப் பத்து நிமிடம் மட்டும் வைத்து எடுப்பது. மேற்பரப்பு ஏற்கெனவே காய்ந்திருப்பதால் மளமளவென்று நிறம் பிடிக்கும், உள்ளே சூடு இறங்க அவகாசமே இருக்காது.

தடித்த, மென்மையான துண்டுக்கு எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடித்திருக்கிறது. குறைந்த சூட்டில் கறி நிமிடத்துக்கு அரை டிகிரிக்கும் குறைவாக ஏறுவதால், பத்து நிமிடம் தவறினாலும் பதம் கெடாது. வெட்டாத, சுருட்டாத, உள்ளே எதுவும் அடைக்காத முழுத்துண்டாக இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதை முயல வேண்டாம்.

முழுக்கோழிக்கு இந்த வழி வேண்டாம். கோழியில் பிரச்சினையே வேறு. நெஞ்சு 74-ஐத் தொட்டதும் எடுக்க வேண்டும், தொடையோ 80-இல்தான் இளகும். இரண்டையும் ஒரே நேரத்தில் பதத்துக்குக் கொண்டுவர, முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டுக் கோழியைத் தட்டையாக விரித்து, 220-இல் சுடுவது எனக்குத் தெரிந்த நல்ல வழி. தொடைகள் வெளிப்பக்கம் வந்து சூட்டை நேராக வாங்கிக்கொள்ளும். ஒன்றரைக் கிலோ கோழி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 80 நிமிடக் கணக்கு இங்கே முற்றிலும் பொய்த்துப்போவதைக் கவனியுங்கள். எடை அதேதான், தடிமன்தான் மாறியிருக்கிறது.

முன்னந்தொடைக்கு 160, அதுவும் இறுக்கமாக மூடி. மூடாமல் வைத்தால் 70 டிகிரியை ஒட்டி எண் ஏறாமல் நீண்ட நேரம் நின்றுவிடும். மேலிருந்து ஆவியாகும் ஈரம் கறியைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும், வியர்வை உடம்பைக் குளிரவைப்பதுபோல. மூடினால் ஆவி வெளியேறாது, அந்தத் தடை இருக்காது. இரண்டு கிலோவுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். இளகிய பிறகு திறந்துவைத்து நிறத்துக்கு இருபது நிமிடம்.

எதை எடுப்பது

தெர்மாமீட்டர் இல்லை, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை என்றால், உங்களுக்கு ஏற்றவை முன்னந்தொடை மாதிரி நீண்ட நேரம் வேகும் துண்டுகள். அவை அரை மணி நேரப் பிழையைக் கூடப் பொறுத்துக்கொள்ளும், பதத்தையும் கையாலேயே பார்க்கலாம். கொழுப்பில்லாத, விலை கூடிய துண்டை எடைக் கணக்கை மட்டும் நம்பி வைக்காதீர்கள். பெரிய பறவை என்றால் தொடங்கும் நேரத்துக்குப் பனோஃப்ஸ்கி, எடுக்கும் நேரத்துக்குக் கம்பி. அதைக் கருவி இல்லாமல் செய்யாதீர்கள், 74 என்பது கண்ணுக்குத் தெரியும் எண் இல்லை.

எந்த வழியானாலும் கணக்கில் வந்த நேரத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகத் தொடங்குங்கள். கறி முன்னாலேயே தயாராகிவிட்டால் ஃபாயில் போர்த்தி வையுங்கள். அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தால், சூட்டை 65-க்கு இறக்கி, அது உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு, கறியைத் திரும்ப உள்ளே வையுங்கள். முறுகலை மட்டும் பரிமாறும் முன் 250-இல் ஐந்து நிமிடம் வைத்து மீட்டுக்கொள்ளலாம். நேரம் பற்றாமல் போனால்தான் சிக்கல், அப்போது ஓவனைக் கூட்டாதீர்கள். கறியைத் தடிமன் பாதியாகும்படி நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அகலமான ட்ரேயில் பரப்பி வையுங்கள். நடுவுக்குப் போகும் தூரம் குறைந்துவிடும், நேரமும் குறைந்துவிடும்.